சங்கரியின் கை

தர்மன் தரவேண்டிய முன்பணப் பாக்கி பதினாலாயிரத்து எழுநூற்று ஐம்பது ரூபாய். ஆனால் தறி முதலாளி கோதண்டபாணி அதைக் கேட்டு அவன் வாசலுக்கு வரவில்லை. அவன் மனைவி சங்கரிக்கென்று காலையில் கொடுத்தனுப்பிய, தறியில் நீளவாக்கில் ஓடும் பட்டிழைப் பாவு ஆறு மணிக்குள் திரும்பி வந்தாக வேண்டும்.

மணி ஐந்தரை. ஸ்கூட்டரில் உட்காருவதும் எழுந்து நடப்பதுமாக இருந்தார். பழைய பாவின் நுனியோடு புதுப் பாவின் நாலாயிரத்து எண்ணூறு இழைகளையும் ஒவ்வொன்றாகப் பிணைத்தால்தான் நாளை தறி ஓடும். ஓடாவிட்டால் முகூர்த்தப் புடவை ஆர்டர் கைவிட்டுப் போகும்.

பிணைக்கிற வேலைக்கு அவர் ஆம்பளைகளைச் சேர்ப்பதே இல்லை. எதற்கெடுத்தாலும் கத்துகிறான் என்று தர்மனைத் தறியிலிருந்தே நிறுத்தியவர். சங்கரி பிணைத்துத் தரும் கூலியில்தான் ஆறு மாதமாகப் பாக்கி கழிந்துகொண்டிருக்கிறது.

கதவைத் தட்டினார். தர்மன் தலையை மட்டும் நீட்டினான்.

“இன்னும் எவ்ளோ இழைடா?”

“முந்நூறு இருக்கும் முதலாளி. நீங்க இப்படி நடந்துக்கினே இருந்தா கை ஓட மாட்டேங்குது.”

“உன் கையா ஓடணும்? ஒரு வாட்டி எட்டிப் பாத்துட்டுப் போறேன், வழி விடு.”

“வேணாம் முதலாளி. ஆள் நின்னா இழை தப்பிப் போவும்.”

அவன் விரல் நுனியெல்லாம் வெள்ளையாகச் சாம்பல். கோதண்டபாணிக்குச் சிரிப்பு வந்தது.

“பொண்டாட்டி வேலை செய்யறா, நீ பாத்திரம் தேச்சுக்கினு இருக்கியா? மீசை எதுக்குடா உனக்கு?”

தர்மன் பல்லைக் கடித்தான். கதவு படாரென்று சாத்திக்கொண்டது. இந்தக் கோபக்காரனோடு எப்படித்தான் குடித்தனம் நடத்துகிறாளோ என்று நினைத்துக்கொண்டார்.

ஆறுக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் தர்மன் பாவைச் சுமந்துகொண்டு வந்தான். கோதண்டபாணி விரித்துத் தடவிப் பார்த்தார். ஒரு இழை நழுவவில்லை, ஒரு முடிச்சு துருத்தவில்லை. போன உயிர் திரும்பி வந்தது அவருக்கு.

அந்த மகிழ்ச்சியிலேயே சட்டைப்பையிலிருந்து சின்ன நோட்டுப் புத்தகத்தை எடுத்து, தர்மன் பேரில் இருந்த கணக்கைக் குறுக்கே அடித்தார்.

“பாக்கி தீந்துச்சுடா. உனக்காக இல்ல, அவ பொறுமைக்காக. எந்த ஆம்பளைக்குடா வரும் இது? கூப்பிடு, ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போறேன்.”

தர்மன் கதவை மறித்து நின்றான்.

“அவ... குளிக்கிறா முதலாளி.”

தெருமுனையில் ஒரகடம் கம்பெனி பஸ் வந்து நின்றது. நீலச் சீருடையும் கழுத்தில் அடையாள அட்டையுமாக ஒருத்தி இறங்கி விறுவிறுவென்று வந்தாள். தர்மன் கல்யாணத்தில் மொய் வைக்கப் போனபோது பார்த்த அதே முகம்.

கோதண்டபாணி அவளை மறித்தார்.

“சங்கரி... நீ உள்ளதானேம்மா பாவு பிணைச்சுக்கினு இருந்த?”

இழை முறுக்கத் தொட்டுக்கொண்ட சாம்பல் இன்னும் ஒட்டியிருந்த தன் புருஷன் விரல்களை அவள் பார்த்தாள். சிரிப்பை அடக்க முடியவில்லை.

“நானாங்க? எனக்கு ஏதுங்க அவ்ளோ பொறுமை!”