மாற்று ஆள் வரும்வரை

சங்க அறையில் இருந்தவர்கள்:

அவன். சங்கச் செயலாளர். ஒரு காலத்தில் இதே சாய மில்லில் பாய்லர் பார்த்தவன்.

செங்கோடன். பாய்லர்காரன். இந்த வாரம் இரண்டாம் ஷிப்ட்.

குழந்தைசாமி. பொருளாளர். எப்போதும் டீ வாங்கி வருபவர், இன்று கதவை மறித்து நின்றார்.

வேலாத்தாள். செங்கோடனின் அண்ணி. அவள் புருஷன் ஆறுகுட்டிக்கு நேற்றுத்தான் பால் ஊற்றினார்கள். வெளியே தலை காட்டக் கூடாத நாட்கள். வந்திருந்தாள்.

முதல் அடி காதோடு விழுந்தது.

நாற்காலியோடு சாய்ந்தான். செங்கோடன் சட்டையைப் பிடித்துத் தூக்கி உட்கார வைத்தான். மறுபடி அடித்தான்.

கேட்டது ஒன்றுதான். நாளை தொழிலாளர் அலுவலகத்தில் ஒப்பந்தத்துக்குக் கையெழுத்து. ஒன்பதாம் ஷரத்தை எடுக்காவிட்டால் வர மாட்டேன் என்று மேனேஜருக்கு இப்போதே போன் செய்ய வேண்டும்.

ஒன்பதாம் ஷரத்து சின்னது. மாற்று ஆள் வரும்வரை யாரும் வேலையிடத்தை விட்டு நகரக் கூடாது.

முன்பெல்லாம் மாற்று ஆள் வராவிட்டால் பாய்லரில் தீயை இறக்கிவிட்டு வீட்டுக்குப் போகலாம். மில் நின்றால் அது மேனேஜர் பாடு.

இந்த மாதமே அமலுக்கு வரட்டும், கையெழுத்துப் பிறகு ஆகட்டும் என்றது நிர்வாகம். அவன் தலையாட்டினான்.

மாற்று ஆள் வரவில்லை; பாய்லரடியில் ஆறுகுட்டி நின்றான். தன் ஷிப்ட் முடிந்து அடுத்ததும் நின்றான். மறுநாளும் அதே கதை. அதற்கு மறுநாள், கண் செருகிய நிலையில் அடுப்புக் கதவைத் திறந்தான். தீ வெளியே பாய்ந்தது.

முகத்தை வைத்து அடையாளம் சொல்ல முடியவில்லை. வேலாத்தாள் கால் விரலைப் பார்த்துச் சொன்னாள்.

"போனை எடுங்க, தலைவரே," என்றான் செங்கோடன்.

அவன் எடுக்கவில்லை.

மே தினத்துக்கு ஏற்றும் கொடிக்கம்பு மூலையில் சாய்ந்திருந்தது. செங்கோடன் கொடியை உருவினான். நாலாக மடித்து மேஜையில் வைத்தான். பிறகு கம்பை எடுத்தான்.

முழங்கால்.

விலா.

ஏதோ ஒடிந்தது. கம்பு இல்லை.

"வாயில அடிக்காத சாமி," என்றாள் வேலாத்தாள். "அவரு பேசோணும்."

அவன் பேசினான். மூச்சு விடும்போதெல்லாம் விலாவில் கத்தி இறங்கியது. தற்காலிக ஆட்களை நிரந்தரமாக்கத்தான் அந்த ஷரத்தை விட்டுக் கொடுத்தேன் என்றான். நிரந்தரமானவர்களில் செங்கோடனும் ஒருவன் என்றான்.

கம்பு மறுபடி உயர்ந்தது.

அதற்கு மேல் அவனுக்கு இழக்க ஒன்றும் இல்லை. வாயில் இருந்த ரத்தத்தைத் துப்பினான்.

"அந்த வாரம் உங்கண்ணனுக்கு மாத்தாள் நீதானடா. மூணு நாளும் எங்கடா போயிருந்தே? சேவக்கட்டுல பந்தயம் கட்டத்தான?"

கம்பு இறங்கவில்லை.

குழந்தைசாமி தரையைப் பார்த்தார்.

வேலாத்தாள் முதல் முறையாகக் கொழுந்தனின் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

"உனக்குக் காச்சல்னு உங்கண்ணன் சொன்னாரு," என்றாள்.

செங்கோடன் பதிலை அவனுக்குத்தான் சொன்னான், கம்பால். கம்பு தோளில் விழுந்தது. முதுகில் விழுந்தது. விழுந்த இடத்திலேயே மறுபடி விழுந்தது. இப்போது யாரும் போனைப் பற்றிப் பேசவில்லை.

இரண்டாம் ஷிப்டுக்கு இரண்டு மணிச் சங்கு ஊதியது.

செங்கோடன் கம்பைப் போட்டான். அவன் ஷிப்ட்.

"இன்னைக்கு எனக்குப் பதிலா நீ பாரு வா," என்றான். "உன் சட்டம்தான."

பாய்லர் கொட்டகை சுவருக்கு அந்தப் பக்கம். காலரைப் பிடித்து இழுத்துப் போனான். வேலாத்தாள் பின்னால் நடந்தாள். குழந்தைசாமி வரவில்லை.

முதல் ஷிப்டுக்காரன் மாரப்பன் அடுப்பின் முன் நின்றிருந்தான். ரத்தத்தைப் பார்த்தான். சங்கு ஊதியபின் பாய்லர்காரன் சொல்வது இரண்டே சேதி.

"தண்ணி முக்கால். கட்டை ஈரம்."

சொல்லிவிட்டுத் தோல் கையுறையைக் கழற்றி நீட்டினான். நிர்வாகம் எத்தனை ரிஜிஸ்டர் வைத்தாலும் அந்தக் கொட்டகையில் கணக்கு ஒன்றுதான். கையுறை யாரிடமோ, அவன் ஷிப்ட்.

ஒரு காலத்தில் இதே பாய்லரைப் பார்த்த அவன் கை தானாக நீண்டது.

வாங்கிய பிறகுதான் பார்த்தான். கையுறை உள்ளே இன்னும் சூடாக இருந்தது.

மாரப்பன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

அவன் கண் பழக்கத்தில் கண்ணாடிக் குழாய்க்குப் போனது. தண்ணீர் முக்கால்தான். பிரஷர் முள் ஏறிக்கொண்டிருந்தது. சுவரைப் பிடித்து நின்றான். வேறு வழி இருக்கிறதா என்று பார்த்தான். இருந்த வாசல் ஒன்றுதான். வேலாத்தாள் அதில் நின்றாள்.

"எனக்கு அடுத்தது யாரு?" என்றான். தெரிந்தே கேட்டான்.

செங்கோடன் சிரித்தான். சிரிப்பு பாதியில் நின்றது.

"எங்கண்ணன்."

இரும்புக் கதவு தரையில் உரசி நகர்ந்தது. செங்கோடன் திரும்புவதற்குள் வெளிச்சம் கோடாகி, கோடும் போனது.

"அண்ணி?"

வெளியே கொண்டி விழுந்தது.

"அண்ணி, நான் உள்ள இருக்கறேன்."

பிறகு பூட்டு.