நடுவில் நின்றவள்

பசியில் வயிறு முதுகோடு ஒட்ட, காய்ச்சலில் கிடந்தாள் செங்கல் சூளையில் வேலை செய்யும் பூவாயி. “தாங்கமாட்டா போலிருக்கே” என்று புருஷன் இருளன் முனகியது தூரத்தில் கேட்டது. கண் செருகியதும், தன் உடம்புக்குள்ளேயே ஒரு சூளை எரிவதைக் கண்டாள். நடுவில் ஒருத்தி நின்று, ஒரு கையசைத்துக் காய்ச்சலை விரட்டக் காவலாட்களை ஏவியபடி, மறுகையால் உடைசல்களை அள்ளி அணைத்துக்கொண்டிருந்தாள்.

“ஏண்டி, என் உடம்பையே எரிக்கிறியே?”

“இத்துப்போனதைத்தான் எரிக்கிறேன். பட்டினி கிடக்கியே, இது வெந்தாத்தான் உனக்குக் கஞ்சி.”

“அப்போ அதைத் தீயில போட்டுட்டு நீ திரும்பி வந்துரு.”

“கையோட ஒட்டிக்கிச்சு, தாயி. தூக்கினவளும் கூடவே போகணும்.”

சிரித்தபடியே தீக்குள் நடந்தாள்.

பூவாயி வேர்த்து விழித்தாள். காய்ச்சல் விட்டிருந்தது.

“பொழைச்சுக்கிட்டியே, கழுதை!” இருளன் கண்ணைத் துடைத்தான். “யார் செஞ்ச புண்ணியமோ.”

கனவில் சூளை எரிந்த தன் வயிற்றைப் பூவாயி தடவிப் பார்த்தாள். தீக்குள் போன, பேர்கூடக் கேட்காமல் விட்ட ஒருத்திக்கு அவள் ஓர் உயிர் கடன்பட்டிருந்தாள்.