பதினோரு குறைகள்

“பதினோரு குறை எழுதியிருக்கான். மனுஷனா அவன்?”

பட்டறைக்காரர் காகிதத்தை மேசைமேல் வீசினார். குழந்தைக் கட்டில் செய்யும் பட்டறை. ஆரம்பித்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. சோதனை அதிகாரி வந்தார், ஒவ்வொரு கட்டிலாக அளந்தார், ‘தேறவில்லை’ என்று எழுதிவிட்டுப் போய்விட்டார்.

வழக்கப்படி ஒரு கவரை நீட்டத்தான் செய்தார் பட்டறைக்காரர். அதிகாரி அதைத் தொடக்கூட இல்லை.

“இந்தக் காசுல நாலு மரச்சட்டம் வாங்கி அடிங்க. இந்த இடைவெளியில குழந்தை தலை மாட்டிக்கும்” என்றார்.

அடுத்த தெருவில் இதே தொழில் செய்யும் மச்சான் விழுந்து விழுந்து சிரித்தார். அவருக்கு வாய்த்த அதிகாரி வேறு. கட்டிலை எட்டிக்கூடப் பார்க்காமல் நூற்றுக்கு நூறு போட்டிருந்தார்.

“கொடுக்கத் தெரியணும் மாப்ளே. அதுவும் தொழில்ல சேர்த்திதான்.”

புலம்பிக்கொண்டே பதினொன்றையும் சரிசெய்தார் பட்டறைக்காரர். இரண்டு மாதம் ஓடிப்போனது. ஆட்களில் பாதிப் பேர் வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். மறுபடி வந்து அளந்த அதிகாரி, பெரிய மனது பண்ணி எழுபத்தெட்டு போட்டார். பட்டறைக்காரர் அவருக்குச் ‘சிடுமூஞ்சி’ என்று பெயர் வைத்தார்.

சான்றிதழைக் கண்ணாடிச் சட்டத்தில் மாட்டினாள் மனைவி. அது உள்ளே இறுக்கமில்லாமல் ஆடியது. குறைகள் எழுதிய பழைய காகிதத்தை மடித்துப் பின்னால் செருகிவிட்டாள்.

கொள்முதல் செய்ய வெளிநாட்டிலிருந்து ஓர் அம்மாள் வந்தார். அந்த ஆர்டர் கிடைக்காவிட்டால் மாதக் கடைசியில் பட்டறைக்குப் பூட்டுதான். மச்சான் பட்டறையைப் பார்த்துவிட்டுத்தான் வருகிறார் என்று தெரிந்ததும் பட்டறைக்காரருக்குப் பாதி உயிர் போய்விட்டது.

அம்மாள் சான்றிதழைக் கேட்டார். கழற்றிக் கொடுக்கும்போது பின்னால் இருந்த காகிதம் நழுவி அவர் காலடியில் விழுந்தது.

“போச்சு” என்றாள் மனைவி மெதுவாக.

ஆங்கிலத்தில் எழுதியிருந்த பதினோரு குறைகளையும் அம்மாள் நிதானமாகப் படித்தார். ஒரு கட்டிலின் சட்டங்களுக்கு நடுவே கையை விட்டுப் பார்த்தார். பிறகு கூட வந்தவரிடம் என்னவோ சொன்னார்.

“ஒன்பது பட்டறை பாத்துட்டாங்களாம்” என்றார் கூட வந்தவர். “எல்லாரும் முதல் தடவையே நூத்துக்கு நூறு. அவங்க நாட்டுலயே யாரும் அப்படி வாங்குறதில்லையாம். நெசமாவே யாரோ அளந்து பாத்த கட்டில் இது ஒண்ணுதாங்கறாங்க. ஆர்டர் உங்களுக்குத்தான்.”

மனைவி அழுதேவிட்டாள். பட்டறைக்காரர் வெளியே ஓடி, இத்தனை நாள் திட்டித் தீர்த்த மனிதருக்குப் போன் போட்டார். நடந்ததை ஒரே மூச்சில் சொல்லி முடித்தார்.

“உங்களை மறக்கவே மாட்டேன் சார். உங்க வீட்டுக்கு ஒரு கட்டில் அனுப்பி வைக்கட்டுமா?”

அந்தக் குரலில் முதல்முறையாகச் சிரிப்பு கேட்டது.

“அனுப்புங்க. பன்னிரண்டாவது குறையா எழுதிடறேன்.”