நேர்த்திக் கல்

பலிபீடத்தின் குழியில் ஒரு செவ்வரத்தம்பூ கிடந்தது. பக்கத்தில் மூன்று விரல் திருநீறு.

ஆயிரத்து எண்ணூறு வருடக் கல். டான்யூப் ஆற்றங்கரை ஊர் ஒன்றில், ரோமர்களின் எல்லைக் காவல் முகாமில் கிண்டியெடுக்கப்பட்டு, கண்காட்சிக்காக மொன்ட்ரியால் அருங்காட்சியகத்துக்கு வந்தது. கையுறை இல்லாமல் நானே தொட்டதில்லை.

சென்ட் லோரன்ட் பகுதியில் எந்த யன்னலோரத் தொட்டியில் பூத்த பூ அது என்று பார்த்தவுடனே தெரிந்துவிட்டது.

கதவு திறக்க இன்னும் இருபது நிமிடம். பொறுப்பாளர் மடலின் கல்லின் முன்னால் நின்றார். கையில் ஒரு தாள். கோடையில் அந்தக் கல் கிடைத்த ஊருக்கு அகழாய்வுக்குப் போகிறவர்களின் பட்டியல். அதில் என் பெயர் இருந்தது.

எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழக வாசலை மிதித்த முதல் ஆள் நான். இந்தப் பயணத்துக்காக நாலு வருடம், படிப்பிலும் இங்கே பயிற்சியிலும், நாயாய் உழைத்தேன்.

யார் வைத்தது என்று மடலின் பிரெஞ்சில் கேட்டார். நேற்று மண்டபம் பூட்டிய பிறகு உள்ளே வந்தது இரண்டே பேர். நானும், துப்புரவு வேலை செய்யும் பாலாம்பிகை அன்ரியும்.

வாளியோடு பக்கத்தில் நின்ற அன்ரிக்குப் பிரெஞ்சு தெரியாது. கேட்டுச் சொல் என்று மடலின் என்னைப் பார்த்தார்.

பிழை என்னுடையது. கல்லில் இருந்த லத்தீனைப் போன கிழமை நான்தான் அன்ரிக்கு வாசித்துச் சொன்னேன். காவலுக்கு நின்ற சிப்பாய் ஒருவன், வைத்த நேர்த்தி பலித்ததும் நட்ட கல். ‘எங்கட ஆக்களைப் போலத்தான்’ என்று அன்ரி சிரித்தார். நானும் சிரித்தேன். மடைச்சி நான்.

“ஏன் வைச்சனீங்கள்?” என்று அன்ரியைக் கேட்டேன்.

“உன்ர பயணம் சரிவரவேணுமெண்டு நேர்த்தி வைச்சனான், பிள்ளை. குழி வெறுமையாக் கிடந்தது. அதுக்குள்ள பூ வைக்காமல் வேறென்னத்தை வைக்கிறது?”

காணிக்கை வைக்கும் குழி. விளக்கப் பலகையில் அப்படி எழுதியதும் நான்தான்.

துப்புரவு ஆளை வேலையால் நிறுத்த மடலினுக்கு ஒரு போன் போதும்.

அவருக்கு ஒன்றும் தெரியாது, நான்தான் வைத்தேன் என்று பிரெஞ்சில் சொன்னேன்.

மடலின் கத்தவில்லை. பேனையைத் திறந்து, தாளில் ஒரு கோடு இழுத்துவிட்டுப் போனார்.

அன்ரியின் முகம் மலர்ந்தது.

“பாத்தியே, மனுசி ஒண்டும் சொல்லேல்லை. உன்ர பேரை எழுதிப்போட்டுப் போறா. பொல்லாத சக்தியடி இந்தக் கல்லுக்கு.”

வேலையிடத்தில் தன்னை அன்ரி என்றுதான் கூப்பிடவேண்டும் என்று சொன்னவர் அவர்தான். கூட்டுகிறவளின் பிள்ளை என்று தெரிந்தால் என்னை மதிக்கமாட்டார்களாம்.

“ஓம், அம்மா” என்றேன்.