தறி நின்ற வீடு

காலை பத்து மணிக்கு அங்கப்பன் தன் தறிகளை எல்லாம் நிறுத்தினார்.

காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்.

எதிர்வீட்டுத் தறி ஓடியது. பக்கத்து வீட்டுத் தறி ஓடியது. பல்லடத்தை ஒட்டிய அந்த வீதியே, கடைசி வீடுவரை, தடதடத்துக்கொண்டிருந்தது.

நேற்றுதான் பிள்ளையார் கோயில் வாசலில் எல்லோரும் கூடிப் பேசினார்கள். சாயப்பட்டறைத் தண்ணீர் இறங்கி, குடிக்கிற கிணறு செக்கச்செவேலென்று ஆகிவிட்டது. போன தடவை வந்த அதிகாரி, "ஒருத்தர் ரெண்டு பேர்தானே குறை சொல்றீங்க?" என்று ஜீப்பை விட்டே இறங்கவில்லை. இன்று அவர் மறுபடி வருகிறார். ஒரு தறிகூட ஓடக் கூடாது. வீதியே ஒன்றாக நிற்கிறது என்று அவருக்குத் தெரிய வேண்டும்.

"நிறுத்திப்போடலாமுங்க!" என்று முதலில் தொடையைத் தட்டியவர் எதிர்வீட்டுத் தம்பிதுரை.

இப்போது அவர் தறிதான் எல்லாவற்றையும்விடச் சத்தமாக ஓடியது.

காரணம் தெரியாமல் இல்லை. வீதிக்கே நெய்யப் பாவு நூல் கொடுப்பவரும் சாயப்பட்டறை முதலாளியும் ஒரே லட்சுமணசாமிதான். ஏன், அங்கப்பனுக்கு மட்டும் வேறு யாராவதா பாவு கொடுக்கிறார்கள்? அவருக்கு மட்டும் வயிறு இல்லையா? நினைக்க நினைக்க உடம்பு கொதித்தது.

சட்டென்று எதிர்வீட்டுத் தறி நின்றது.

அப்புறம் பக்கத்து வீடு. அதற்கடுத்த வீடு. ஒவ்வொன்றாய் அடங்கி, வீதியே ஓய்ந்தது.

அங்கப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. பாவம், இவர்களைப் போய் என்னவெல்லாம் நினைத்துவிட்டோம்!

"அய்யோ, என்ர சாமீ! எங்கள உட்டுப்போட்டுப் போயிட்டீங்களா!"

வாசலில் பக்கத்து வீட்டுப் பங்காரம்மா மார்பில் அடித்துக்கொண்டு வந்தாள். அவளுக்குப் பின்னால் மொத்த வீதியும்.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அந்த வீதியில் எல்லாத் தறியும் நின்றால் கரண்ட் இல்லை. ஒரு வீட்டுத் தறி மட்டும் பட்டப்பகலில் நின்றால், அது சாவு. யாரும் சொல்லி அனுப்ப வேண்டியதில்லை. மற்றவர்கள் தறியை நிறுத்திவிட்டு ஓடி வந்துவிடுவார்கள்.

வீதி முனையில் ஜீப் வந்து நின்றது. தம்பிதுரை ஓடிப்போய்க் குனிந்தார்.

"எழவு ஊடுங்க சார்."

அதிகாரி மரியாதையாகக் கைகூப்பினார். ஜீப் பின்னால் நகர்ந்து திரும்பியது. "நில்லுங்க! நில்லுங்க சார்!" என்று அங்கப்பன் கத்தியது ஒப்பாரியில் கரைந்துபோனது. அவர் முனையை எட்டியபோது புழுதிதான் மிச்சம்.

"யாருங்க போனது?" என்றார் தம்பிதுரை.

"யாரும் போகலீங்க. பத்து மணிக்கு நிறுத்தறதாப் பேசுனமில்லீங்களா?"

"அட, அதுங்களா!" தம்பிதுரை தலையைச் சொறிந்தார். "இந்தத் தறிச் சத்தத்துல என்னத்தீங்க காதுல விழுகுது? நல்லவேளை போங்க, பயந்தே போயிட்டோம்!"

சிரித்துக்கொண்டே கலைந்தார்கள். தறிகள் மறுபடி தடதடத்தன.

உம்மல் குல்சும் மட்டும் போகவில்லை. பின்சந்தில் கூலிக்கு நூல் சுற்றுகிறவள். சொந்தமாக ஒரு தறி கிடையாது. அதிகாரியிடம் காட்டுவதற்காகக் கிணற்றடியில் காத்திருந்துவிட்டு, இடுப்பில் சிவப்புத் தண்ணீர்க் குடத்தோடு வந்திருந்தாள்.

"ஏனுங்கண்ணா, இத இப்படியே உடப்படாதுங்க. நாளைக்கே கலெக்டர் ஆபீசுக்குப் போலாமுங்க. நானும் வாரேன்."

அங்கப்பன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. உள்ளே போய் மோட்டார் சுவிட்சில் கை வைத்தார்.

"தறிச் சத்தமுங்க அம்மணி. ஒண்ணும் காதுல விழுகலீங்க."

அவள் குடத்தோடு வாசலிலேயே நின்றாள்.

அவர் தறிகள் இன்னும் ஓடத் தொடங்கியிருக்கவில்லை.