கீறல் படாத சீட்

"குழந்தை எங்கம்மா?" என்று கேட்டாள் விமான நிலையக் கவுன்ட்டர் பெண்.

டிக்கெட் இரண்டு, நின்றவளோ ஒருத்தி. அவள் பக்கத்துத் தள்ளுவண்டியில், குழந்தைகளைக் காரில் உட்கார வைக்கிற சீட் ஒன்று பெல்ட்டெல்லாம் பூட்டிக்கொண்டு மாப்பிள்ளை முறுக்கோடு இருந்தது.

"ரெண்டாவது டிக்கெட் இந்த சீட்டுக்குத்தான். குழந்தை அங்க இருக்கு. என் கொழுந்தன் புள்ளை, பொறந்து மூணு நாளாச்சு."

"இதுக்குப் போய் டிக்கெட்டா? லக்கேஜ்ல போட்டா சும்மாவே வந்துடுமே!"

"உங்க ஆளுங்க பெட்டியைத் தூக்கிப் போடற அழகை நான் பார்த்திருக்கேன். இதுல ஒரு கீறல்கூட விழக் கூடாது."

கவுன்ட்டர் பெண்ணுக்குச் சுருக்கென்றது. பதிலுக்கு அவளும் சட்டத்தைக் கையில் எடுத்தாள். "இது எப்பவாவது விபத்துல சிக்கின சீட்டா? அப்படின்னா உள்ள விட மாட்டோம். வெளிய பார்க்க நல்லாத்தான் இருக்கும், உள்ளுக்குள்ள விரிசல் விட்டிருக்கும். குழந்தை உயிருக்கு ஆபத்து."

"இல்ல" என்றாள் அவள். கண்கூட இமைக்கவில்லை.

விமானத்தில் சீட்டை ஜன்னலோரம் வைத்து இறுக்கிக் கட்டிவிட்டு, நடுவில் அவள் உட்கார்ந்தாள். இந்தப் பக்கம் ஒரு மருந்து விற்பனையாளர். வாய் சும்மா இருந்தால் வலிக்கும் ரகம்.

"ஜன்னலோரம் நான் கேட்டப்ப இல்லைன்னுட்டாங்க. துரைக்கு மட்டும் கிடைச்சிருக்கு பாருங்க!" என்று சீட்டைக் காட்டிச் சிரித்தார். "யாரோடதும்மா?"

"என் பையனோடது."

"அவன் வளர்ந்துட்டானாக்கும்?"

"இல்ல. ரெண்டு வருஷம் முன்னாடி கார் லாரியில மோதி, போயிட்டான். ஒரு வயசு ரெண்டு மாசம்."

விற்பனையாளரின் சிரிப்பு பாதியில் நின்றது. யாரும் கேட்காமலே அவள் மீதியையும் சொன்னாள்.

"என் கொழுந்தன்தான் ஓட்டினார். அப்ப எங்க வீட்டுலதான் தங்கியிருந்தார். அவருக்குக் கையில சின்னக் காயம், அவ்வளவுதான். சீட்டுல உக்கார வச்சு, பெல்ட் போட்டுத்தான் கூட்டிட்டுப் போனாராம். அப்படியும் இப்படி ஆச்சேன்னு அழுதார். எல்லாரும் விதின்னு சொன்னாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"நான் ஒண்ணும் சொல்லல."

"அவர் புள்ளைக்கே இதைக் கொண்டு போறீங்களே! இந்த மனசு யாருக்கும்மா வரும்?" அவருக்குக் கண் கலங்கிவிட்டது. கவுன்ட்டரில் அவள் சொன்ன அந்த 'இல்ல' காதில் விழுந்திருந்தால் மனுஷன் இவ்வளவு உருகியிருக்க மாட்டார்.

இறங்கியதும் நேரே ஆஸ்பத்திரிக்குப் போனாள். காரில் குழந்தை சீட் இல்லாவிட்டால் பிள்ளையை வீட்டுக்கு அனுப்ப மாட்டார்கள் என்பது அங்கே கண்டிப்பான விதி. "நீங்க எதுவும் வாங்க வேண்டாம், நான் கொண்டு வர்றேன்" என்று பிள்ளை பிறந்த அன்றே போனில் சொல்லி வைத்திருந்தாள்.

பிள்ளையைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, கொழுந்தன் மனைவி கிளம்பத் தயாராக இருந்தாள். "வாங்கக்கா! உங்களை மாதிரி ஒரு அக்கா கிடைக்க நான் கொடுத்து வச்சிருக்கணும்" என்று முகமெல்லாம் மலர்ந்தாள்.

கொழுந்தன் முகம் மலரவில்லை. சீட்டைப் பார்த்ததும் அவன் இரண்டு அடி பின்னால் போனான்.

"இது... அவனோட சீட்டா, அண்ணி?"

"அவனோடதுதான், தம்பி."

மணிக்கட்டில் இருந்த பழைய தழும்பை அவன் தேய்க்க ஆரம்பித்தான். அதற்குள் நர்ஸ் வந்து சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பெல்ட்டை இழுத்தாள், பூட்டினாள், திறந்தாள்.

"புதுசு மாதிரி இருக்கே! ஆனாலும் கேட்டுடறேன். விபத்து எதிலயாவது சிக்கியிருக்கா? அப்படின்னா இதுல புள்ளையை அனுப்ப மாட்டேன்."

கொழுந்தனுக்கு எங்கிருந்தோ உயிர் வந்தது.

"ஆமா சிஸ்டர், சிக்கினதுதான்! அன்னைக்கு எங்க அண்ணன் பையன் இதுலதான் உக்கார்ந்திருந்தான், நான்தான் பெல்ட் போட்டேன். இது வேண்டவே வேண்டாம், இப்பவே போய்ப் புதுசு வாங்கிட்டு வந்துடறேன்."

அவன் மனைவி பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டாள். "அக்கா... தெரிஞ்சேவா கொண்டு வந்தீங்க? என் புள்ளை உங்களுக்கு என்ன பாவம் பண்ணுச்சு?"

அவள் கோபப்படவில்லை. சீட்டைக் கட்டில் மேல் தூக்கி வைத்து, அதன் பெல்ட்டை விரலால் நீவிவிட்டாள்.

"பயப்படாதேம்மா. தாராளமா உக்கார வை, இதுக்கு ஒண்ணும் ஆகல" என்றாள். பிறகு கொழுந்தன் பக்கம் திரும்பினாள்.

"அன்னைக்கு இது உங்க கட்டிலுக்கு அடியிலதானே இருந்துச்சு, தம்பி?"