முப்பத்து நாலு வயசு முகம்

"சாகாம இருக்கிறதா? அது தண்டனை, தம்பி. எழுபத்தோரு வருஷமே எனக்கு அலுத்துப் போச்சு."

மேசைக்கு எதிரே உட்கார்ந்திருந்த லொரெட்டா ஹாஸ்கின்ஸ் இப்படிச் சொன்னதும் கிரேடிக்குத் தூக்கிவாரிப் போட்டது. அரிசோனா வெயிலில் மூன்று மணி நேரம் காரோட்டி வந்தவர் பேசுகிற பேச்சா இது! அதுவும் இறந்தவர்களை உறைய வைத்து, மருத்துவம் வளர்ந்ததும் எழுப்பிவிடலாம் என்று குளிர்த் தொட்டிகளில் பத்திரமாக வைத்திருக்கும் இடத்தில். சேர வருகிறவர்களிடம் பேசிப் பார்ப்பதுதான் கிரேடியின் வேலை. அவனே வேலைக்குச் சேர்ந்து நாலு மாதம்தான் ஆகிறது.

"மறுபடி வாழணும்னு உங்களுக்கு ஆசை இருக்கணும் மேடம். காரணத்தை நான் எழுதணும். இல்லேன்னா மேலதிகாரிங்க சேர்த்துக்க மாட்டாங்க."

"என் ஆசையெல்லாம் ஃப்ளாக்ஸ்டாஃப் கல்லறைத் தோட்டத்துல ஒரு பைன் மரத்தடியில இருக்கு. எங்க வீட்டுக்காரர் வெர்னன் பக்கத்துல எனக்கு இடம் விட்டிருக்கு. கல்லுல என் பேரும் வெட்டியாச்சு, தேதிதான் பாக்கி." லொரெட்டா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "அவர் பக்கத்துல போய்ப் படுத்துக்க மாட்டோமான்னு தினமும் ஏங்குறேன்."

"அப்போ எதுக்கு இங்கே..."

"அதை விடுங்க. எழுப்பறப்போ எப்படி எழுப்புவீங்க?"

பிடித்த பேச்சு வந்ததும் கிரேடி உற்சாகமானான். "தலையை மட்டும் வச்சாலே போதும் மேடம். எழுப்பற காலத்துல புது உடம்பே செஞ்சு தருவாங்கன்னு நம்பறோம். மூட்டு வலி கிடையாது. இருபது வயசுப் பொண்ணா எழுந்திருக்கலாம்!"

"ஐயையோ, வேண்டாம்! முழு உடம்பும் வைங்க. இதே கை, இதே தாடைத் தழும்பு. வயசு மட்டும் முப்பத்து நாலு."

"இருபத்தஞ்சு வச்சுக்கலாமே?"

"முப்பத்து நாலுன்னா முப்பத்து நாலுதான்!"

கைப்பையிலிருந்து பழைய புகைப்படம் ஒன்றை எடுத்து நீட்டினார். அதன் ஓரத்தை அழுத்திப் பிடித்திருந்த கட்டைவிரலை மட்டும் எடுக்கவில்லை. படத்தில் சுருள்முடியும் பெரிய சிவப்பு மூக்குக் கண்ணாடியுமாக இளம் லொரெட்டா.

"இந்தத் தலைமுடி, இந்தக் கண்ணாடி, எல்லாம் அப்படியே இருக்கணும்." அதே சிவப்புக் கண்ணாடியையும் எடுத்து மேசைமேல் வைத்தார். "இதையும் என்கூடவே வச்சிடுங்க."

கிரேடிக்குச் சிரிப்பு வந்தது. தண்டனை, அலுப்பு என்று அளந்ததெல்லாம் சும்மா. பாட்டிக்கு இன்னும் அழகு ஆசை விடவில்லை! படிவத்தில் காரணம் என்ற இடத்தில் 'இளமை மீதுள்ள ஆசை' என்று எழுதினான்.

லொரெட்டா எட்டிப் பார்த்தார்.

"அதை அடிச்சிடுங்க தம்பி."

மெல்லக் கட்டைவிரலை எடுத்தார். அதற்கடியில், அவருடைய பாவாடையைப் பிடித்துக்கொண்டு ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தி நின்றிருந்தாள்.

"என் பொண்ணு கெல்சி. உங்க ஏழாம் நம்பர் தொட்டியில முப்பத்தேழு வருஷமாத் தூங்குறா. எப்ப முழிச்சாலும் முதல்ல என் மூஞ்சியைத்தான் தேடுவா. பக்கத்துல யாரோ ஒரு கிழவி நின்னா, பயந்து அழுதுடுவா தம்பி."